இத்தாலி பாய்லருக்கு ஆச்சி வீட்டு மழைத் தண்ணீர்

காரைக்குடியைச் சுற்றிப் பெரிய வீடுகளை விடுதியாக மாற்றத் தொடங்கிய காலத்தில், சில இடங்களில் தேக்குக் கட்டில், பீங்கான் ஜாடிகளோடு காப்பி மெஷினும் வந்து இறங்கியது. அப்படி ஒரு விடுதியில் கொஞ்ச காலம் ஓடி, பிறகு மக்கர் செய்து, தார்ப்பாய்க்கு அடியில் போய்ப் படுத்துவிட்ட மெஷின்தான் இப்போது என் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. விடுதியின் பெயர் வேண்டாம்.

நான் அங்கே போனது போர் மோட்டார் பார்க்க. மோட்டார், பம்ப் சாமான் கடை வைத்திருக்கிறேன், சர்வீசும் உண்டு. கிடங்கில் எடைக்காரர் ஒருவர் பழைய சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். மெஷினின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே செம்பு எத்தனை கிலோ தேறும் என்று மனக்கணக்கில் இருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ரோட்டரி வேன் பம்ப், பிரஷர் சுவிட்ச், சேஃப்டி வால்வு, லெவல் ராடு. காப்பியைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தச் சாமான்களோடுதான் தினமும் குடித்தனம் நடத்துகிறேன். எடைக்காரர் சொன்ன விலைக்கு மேலே கொஞ்சம் வைத்துப் பேசி முடித்துவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

நாலு பேர் பிடித்து வீட்டில் இறக்கியதும் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, கல்யாண வீட்ல நுரையா காப்பி போட்டு மேல சாக்லேட் பவுடர் தூவுவாங்களே, அந்த மெஷினா?"

ஒரு வகையில் சொந்தம்தான். கல்யாண மண்டபத்து மெஷின் நீராவியை மட்டும் கொடுத்துப் பாலையும் இன்ஸ்டன்ட் தூளையும் நுரைக்க வைக்கும். இது எஸ்பிரஸோ மெஷின். இதில் நீராவிக் குழாய் இருந்தாலும் முக்கிய வேலை வேறு. வெந்நீரை 9 பார் அழுத்தத்தில் காப்பித் தூளுக்குள் தள்ளும். 9 பார் என்றால், 300 அடி போரிலிருந்து தண்ணீரைத் தரைக்குத் தூக்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ கிட்டத்தட்ட அவ்வளவு. "ஒரு டம்ளர் காப்பிக்கா?" என்றாள். ஒரு டம்ளர் கூட இல்லை, இரண்டு மடக்கு என்று நான் சொல்லவில்லை.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்னால் துருத்திக்கொண்டு, காப்பி இறங்கும் இரண்டு தலைகள் இ61 வகை. ஃபேமா கம்பெனியின் எர்னெஸ்டோ வலென்டே 1961-இல் கொண்டுவந்த அமைப்பு. அந்த வருஷம் பிப்ரவரி 15-ஆம் தேதி இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தை வைத்துப் பெயர் சூட்டினார்கள் என்று சொல்வார்கள். ‘இ’ கிரகணத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் காஜியாவின் மெஷின்களில் கைப்பிடியை இழுத்து, ஸ்பிரிங்கின் விசையில் தண்ணீரைத் தள்ளினார்கள். இ61-இல் அந்த வேலை மோட்டார் பம்புக்குப் போனது. அந்தத் தலையை அப்புறம் பல கம்பெனிகள் அப்படியே எடுத்துக்கொண்டன. என்னுடையதும் அப்படி ஒன்று. எனக்கு இந்தச் சரித்திரத்தில் பிடித்தது ஒன்றுதான்: அறுபது வருஷத்துக்கு மேல் மாறாத அளவு என்பதால், கேஸ்கெட்டும் வாஷரும், நெம்புகோலோடு திரும்பி வால்வைத் திறக்கும் கேம் கட்டையும் இன்றைக்கும் கிடைக்கின்றன. நம் ஊரில் பத்து வருஷத்துக்கு முன் வந்த மோட்டாருக்கே சாமான் தேட வேண்டியிருக்கிறது.

உள்ளே 11 லிட்டர் செம்பு பாய்லர். அதில் பாதிக்கு மேல் தண்ணீர், மேலே நீராவி, எப்போதும் 1 பார் சுமாருக்கு நிற்கும். காப்பிக்கான தண்ணீர் இந்தப் பாய்லர் தண்ணீர் இல்லை. இட்லிப் பானைக்குள் ஒரு செம்புக் குழாயைக் குறுக்கே விட்டு, ஒரு முனையில் பச்சைத் தண்ணீரை ஊற்றி மறுமுனையில் சூடாகப் பிடித்தால் எப்படியோ, அப்படி. பாய்லருக்குள் ஒவ்வொரு தலைக்கும் ஒரு குழாய் ஓடுகிறது. பம்ப் தள்ளும் புதுத் தண்ணீர் அதற்குள் போகும்போதே சூடாகித் தலைக்கு வருகிறது. தலை நாலு கிலோ பித்தளை. அதற்கும் பாய்லர் குழாய்க்கும் நடுவில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு குழாய்கள். சூடான தண்ணீர் மேலே ஏறி, தலையில் ஆறி, கீழே இறங்கித் திரும்பப் போகும். எந்த மோட்டாரும் இல்லாமல் இந்தச் சுற்று நடந்துகொண்டே இருப்பதால் தலை எப்போதும் சூடாக இருக்கும். சூரிய வெந்நீர் அமைப்பு மாட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, திறந்தேன். பாய்லரின் பக்க மூடியில் போல்ட் வட்டமாக இறுகிக் கிடந்தது. கேஸ்கெட் சாம்பல் நிறத்தில், நார் நாராக. பழைய மெஷின்களில் இது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதனால் நன்றாக நனைத்து, ஈரம் காயாமலேயே சுரண்டி, கவரில் கட்டி எடுத்தேன். காய்ந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. பட்டறையில் பையன்கள் கிரைண்டரை எடுக்கத்தான் முதலில் போவார்கள். கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

மூடியை இழுத்தால், செட்டிநாட்டுச் சுவரில் இருக்க வேண்டிய சுண்ணாம்பு முழுக்க பாய்லருக்குள் இருந்தது. ஹீட்டர் காயிலின் மூன்று வளையங்களும் ஒன்றாக ஒட்டி ஒரு வெள்ளைக் கட்டியாகிவிட்டன. அடியில் ஓடு ஓடாக உதிர்ந்து கிடந்தது. தலைக்குப் போகும் தண்ணீர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஜெட் ஓட்டை வழியாகப் போக வேண்டும்; அந்த ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. விடுதிக்காரர்கள் போர் தண்ணீரை நேராகக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. மெஷினில் வேறு எந்தக் கோளாறும் பெரிதாக இல்லை.

போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சூடுபடுத்தினால் கார்பன் டைஆக்ஸைடு பிரிந்து போய், மிச்சம் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். வீட்டு வாட்டர் ஹீட்டரில் நடப்பதும் இதேதான். காப்பி மெஷினில் கூடுதலாக ஒரு தொல்லை: பாய்லரிலிருந்து வெளியே போவது பெரும்பாலும் நீராவிதான். உப்பெல்லாம் உள்ளேயே தங்கி, மேலே மேலே புதுத் தண்ணீர் வந்து இன்னும் உப்பைச் சேர்த்துக்கொண்டே போகும்.

அமிலக் கழுவலைப் பின்வாசலுக்கு வெளியே, மண் தரையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் தரை முழுக்க ஆத்தங்குடிப் பூக்கல், அப்பா போட்டது. பூக்கல் சிமெண்டும் மணலும் வண்ணமும்தான், அடுப்பில் சுட்டதில்லை. சுண்ணாம்பைக் கரைக்கும் அமிலம் பூக்கல்லையும் விட்டுவைக்காது. எலுமிச்சம்பழச் சாறு சிந்தினாலே பளபளப்புப் போய்விடும் என்பது இந்த ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

பக்கத்து வீட்டு ஆச்சி அந்த நேரம் பார்த்து வந்தார். அவர் வீட்டு மோட்டார், பைப் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். செம்பு பாய்லரைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்துவிட்டது.

"தம்பி, இதுக்கு எதுக்கு ஆசிட்டு? புளி போட்டுத் தேய்ச்சாப் பளிச்சுனு ஆயிடும்ல."

"வெளிப்பக்கம் நீங்க சொல்றதுதான் ஆச்சி. உள்ளே இருக்கறது களிம்பு இல்லை, சுண்ணாம்பு. புளிக்குக் கேக்காது."

வெளிப்பக்கத்துக்குப் புளியேதான் போட்டேன், கொஞ்சம் கல்லுப்போடு. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செம்புக் களிம்பை அழகாக எடுக்கும். ஆனால் சுண்ணாம்போடு சேர்ந்தால் கால்சியம் டார்டரேட் என்று எளிதில் கரையாத பொருளாகப் படிந்துவிடும். சிட்ரிக் அமிலத்திலும், அதாவது எலுமிச்சை உப்பிலும், இதே சங்கடம் ஓரளவுக்கு உண்டு. மெல்லிய படிவத்துக்கு அது போதும். கனமான கட்டிக்கு, அதுவும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால், கால்சியம் சிட்ரேட் வெள்ளையாக இறங்கிக் குழாயில் உட்கார்ந்துகொள்ளும். சூடு ஏற ஏற அது கரைவது குறையும். அதனால் நான் சல்ஃபாமிக் அமிலம் வாங்கினேன். வெள்ளைத் தூள், பாய்லர் கழுவுகிறவர்கள் வாங்கும் சரக்குதான். லிட்டருக்கு 50 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர், கையுறை, கண்ணாடி. நுரைத்துக்கொண்டு கிளம்பும். நுரை அடங்கியதும் மாற்றிப் புதிதாக ஊற்ற வேண்டும். உள்குழாய்களுக்குள் மீன் தொட்டிப் பம்ப் ஒன்றை வைத்து அமிலத்தைச் சுற்ற விட்டேன். பாத்ரூம் ஆசிட் ஊற்றுங்கள், ஐந்து நிமிஷத்தில் போய்விடும் என்று யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். போகும்தான், கூடவே குரோம் பூச்சும் போய்ப் பித்தளையும் அரித்திருக்கும்.

பித்தளை அரிப்பைப் பற்றி நல்ல வேளையாகக் கேட்க ஆள் இருந்தது. காரைக்குடியில் 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, நாங்கள் சிக்ரி என்போம். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் போர் மோட்டாருக்குக் கேபிள் வாங்க வந்தவர், நான் கழற்றி வைத்திருந்த யூனியன்களை, அதாவது பித்தளைக் குழாய் இணைப்புகளை, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். இரண்டைத் தனியாக ஒதுக்கினார். மற்றவை மஞ்சளாக இருந்தன, அவை இரண்டும் இளஞ்சிவப்பு. துத்தநாகம் தண்ணீரில் கரைந்து போய், பஞ்சு போல ஓட்டையான செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது, முறுக்கினால் உடையும் என்றார். வைஸில் வைத்து முறுக்கினேன், உடைந்தது. தண்ணீரில் குளோரைடு அதிகமிருந்தால் இது வேகமாக நடக்குமாம். "சாஃப்ட்னர் போட்டா கால்சியம் போகும், குளோரைடு அப்படியேதான் இருக்கும், பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் தண்ணீர் விஷயத்தில் என்னை வேறு பக்கம் திருப்பியது.

பம்பைச் சொல்ல ஒன்றுமில்லை. உப்பில் இறுகியிருந்தது, ஊற வைத்துப் பிரித்தேன், கிராஃபைட் வேன்கள் நன்றாகவே இருந்தன. மோட்டார் பேரிங் கடையிலேயே இருந்தது.

கரண்ட்தான் இழுத்தடித்தது. பெயர்த் தகட்டில் 3 கிலோவாட். ஹீட்டரில் மூன்று வளையம். மூன்று ஃபேஸ் வந்தால் ஆளுக்கொன்று, ஒரே ஃபேஸ் என்றால் மூன்றையும் பட்டை போட்டு இணைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் நாளெல்லாம் அந்த லோடைத் தொங்க விட எனக்கு மனசு வராது. மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் தனியாக இழுத்து, தனி எம்சிபி போட்டேன். ஸ்விட்சைப் போட்டதும், கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ஆர்சிசிபி விழுந்தது. மறுபடி போட்டால் மறுபடி விழுந்தது.

பலர் இந்த இடத்தில் ஆர்சிசிபியைக் கழற்றி எறிவார்கள். தண்ணீரும் பித்தளையும் கையுமாக நிற்கப் போகும் மெஷினுக்கு அதைவிடப் பெரிய துரோகம் வேறில்லை. இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்தேன், ஹீட்டருக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு மெகாஓம் கூட இல்லை. ஹீட்டர் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்ஸைடு தூள் இருக்கும். வருஷக்கணக்காகச் சும்மா கிடந்தால் முனைகள் வழியாக ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். காயில் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, உலர்த்தினால் போதும். எங்கள் தெரு முனையில் இருக்கும் பேக்கரிக்காரரிடம் கேட்டேன். இரவு கடைசி ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் ஹீட்டரை ஒரு தட்டில் வைத்து மூடிவிட்டார். காலையில் போய் எடுத்து மெக்கரை வைத்தால், முள் இன்னொரு கோடியில் நின்றது. முனைகளை சிலிக்கான் போட்டு அடைத்து மாட்டினேன். ஆர்சிசிபி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. பேக்கரிக்காரர் இன்னமும், "அண்ணே, இன்னைக்கு எதுவும் வேக வைக்கணுமா?" என்று கேட்கிறார்.

பாய்லரை மூடிய பிறகு அழுத்தச் சோதனை. தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, கைப்பம்பால் 3 பார் வரை ஏற்றி, அரை மணி விட்டேன். கம்ப்ரஸர் காற்றை ஏற்றிச் சோதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் நசுங்காது, அதனால் ஏதாவது விட்டுப்போனால் பீச்சிவிட்டு அடங்கிவிடும். காற்று நசுங்கி உட்கார்ந்திருக்கும். மூடி தெறித்தால் ஆளைச் சாய்த்துவிடும். ஒரு பிரேசிங் இணைப்பில் மட்டும் வியர்த்தது. பட்டறையில் வெள்ளி கலந்த கம்பியில் பற்ற வைத்துத் தந்தார்கள். ஈயம் கலந்த பற்று குடிக்கிற தண்ணீருக்கு ஆகாது என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சேஃப்டி வால்வைப் புதிதாகவே போட்டேன், 1.8 பாரில் திறக்கும் வகை. அதன் பக்கத்தில் இன்னொரு சின்ன வால்வு இருக்கிறது, வாக்யூம் வால்வு. ஆள் சிறிசு, வேலை பெரிசு. மெஷின் குளிர்ந்து கிடக்கும்போது அது திறந்திருக்க வேண்டும். சூடேறும்போது உள்ளே இருக்கும் காற்றை வெளியே விட்டு, நீராவி வந்ததும் தானாக எழும்பி அடைத்துக்கொள்ளும். என்னுடையதில் அது உப்பில் ஒட்டி, நிரந்தரமாக மூடியே இருந்தது. இதனால் இரண்டு கேடு. சூடேறும்போது உள்ளே மாட்டிய காற்று விரிந்து, தண்ணீர் போதுமான சூடாவதற்கு முன்பே கேஜில் 1 பார் காட்டிவிடும். சுவிட்சும் அதை நம்பி ஹீட்டரை நிறுத்திவிடும். ஸ்டீம் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று கொஞ்சம் காற்று வந்து முள் விழுந்துவிடும். இன்னொரு கேடு, அணைத்த பிறகு நீராவி தண்ணீராகிச் சுருங்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அந்த நேரம் ஸ்டீம் குழாயின் நுனி பால் குவளைக்குள் இருந்து, வால்வும் லேசாகத் திறந்திருந்தால், பாலை உறிஞ்சி பாய்லருக்குள் இழுத்துவிடும். முதல் நாள் மூடியைத் திறந்தபோது சுண்ணாம்பைத் தாண்டி அடித்த புளித்த வாடைக்கு அப்போதுதான் காரணம் பிடிபட்டது.

பிரஷர் சுவிட்ச் என் கடையில் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. ஒன்றும் உதவவில்லை. கம்ப்ரஸர் சுவிட்ச் 6, 8 பார் என்று வேலை செய்யும். இதற்கு 1 பார் பக்கத்தில் நுணுக்கமாக நிறுத்தத் தெரிய வேண்டும். கேஸ்கெட் செட்டோடு அதையும் வெளியே சொல்லி வரவழைத்தேன்.

இனி தண்ணீர். போர் தண்ணீரை மறுபடி ஊற்றினால் இவ்வளவு பாடும் வீண். சாஃப்ட்னரை சிக்ரிக்காரர் பேச்சு தள்ளி வைத்துவிட்டது. ஆர்ஓ வைக்கலாம், ஒரு பங்குத் தண்ணீர் எடுக்க இரண்டு மூன்று பங்கு வெளியே போகும். இந்த வறண்ட சீமையில் அது எனக்கு உறுத்துகிறது. ஆச்சி வீட்டில் இருக்கும்போது நான் ஏன் தேட வேண்டும்?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வளவு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் நாட்டு ஓட்டுச் சரிவு உள்பக்கமாகவே இறங்கும். கூடல்வாயில் சேர்ந்து விழும் மழையைக் கிடாரத்திலும் அண்டாவிலும் பிடிப்பார்கள். முதல் மழையை ஓடு கழுவிப் போக விட்டுவிடுவது, இரண்டாவது மூன்றாவது மழையில் வாயில் வேட்டித் துணி கட்டிப் பிடிப்பது, ஐப்பசி கார்த்திகையில் பிடித்ததைச் சமையலுக்கும் குடிக்கவும் மாதக்கணக்கில் வைத்துக்கொள்வது என்று அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆச்சி அதை இன்றைக்கும் விடவில்லை. பருப்பு இதில்தான் பூவாக வேகும் என்பார். போர் தண்ணீரில் பருப்பு வேகாததற்கும் என் பாய்லர் கெட்டதற்கும் ஒரே காரணம்தான்.

ஆச்சியிடம் ஒரு கேன் வாங்கி வந்து, கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன், 20-க்குக் கீழே. எங்கள் போர் 600-ஐத் தாண்டும். சந்தோஷமாக ஊற்றினேன், ஆனால் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தபடியே நின்றேன், ஏனென்றால் சம்ப் தொட்டிக்கு லெவல் கன்ட்ரோலர் மாட்டுகிறவனுக்கு இந்த சூட்சுமம் தெரியும். பாய்லருக்குள் தொங்கும் ராடு தண்ணீரைத் தொட்டால், தண்ணீர் வழியாக மெல்லிய கரண்ட் பாடிக்குப் போகும். அதை வைத்துத்தான் 'நிரம்பிவிட்டது' என்று கண்ட்ரோலர் தெரிந்துகொள்ளும். கரண்டைக் கடத்துவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. மழைத் தண்ணீரில் அது இல்லாததால், ராடு முழுகிய பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. கையால் நிறுத்தினேன். விட்டிருந்தால் பாய்லர் முழுக்க நிரம்பி, ஸ்டீம் குழாயில் வெந்நீர் கொட்டும்.

கொஞ்சம் உப்பு வேண்டும், ஆனால் சுண்ணாம்பாகப் படியக் கூடாது, குளோரைடும் கூடாது. சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், இதற்குத் தோது. லிட்டருக்கு 84 மில்லிகிராம் போட்டால் காரத்தன்மை 50 பிபிஎம் சுமாருக்கு வரும். 20 லிட்டர் கேனுக்கு 1.7 கிராம். நகை எடை போடும் சின்னத் தராசில் நிறுத்துப் போடுகிறேன், கைக்கணக்குக்கு இதில் இடமில்லை. கால்சியமே கிடையாது என்பதால் படிவம் வராது, ராடுக்கும் கரண்ட் கிடைக்கும், அமிலத்தன்மை தட்டி செம்பை அரிக்காது. காப்பி ருசிக்குக் கால்சியமும் மக்னீசியமும் கொஞ்சம் வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெஷாலிட்டி காப்பி சங்கம் வைத்த இலக்கே மொத்தக் கரைசல் 150 பிபிஎம் பக்கம். ஐந்து பங்கு மழைத் தண்ணீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்து போட்டும் குடித்துப் பார்த்தேன். கொஞ்சம் கனமாகத் தெரிந்தது, உண்மைதான். ஆனால் பாய்லரைச் சுரண்டியவன் நான். சோடாவோடு நிறுத்திக்கொண்டேன். பாய்லரில் சோடா சேர்ந்துகொண்டே போகும் என்பதால், வாரம் ஒரு தடவை வெந்நீர்க் குழாய் வழியாகப் பாதிப் பாய்லரைக் காலி செய்து புதிதாக நிரப்பி விடுகிறேன்.

கேனைத் தரையில் வைத்துப் பம்பை உறிஞ்ச விடாமல், ஒரு பழைய தேக்குப் பெட்டியின் மேல் உயரமாக வைத்திருக்கிறேன். தண்ணீர் தானாக இறங்கிப் பம்பின் வாய்க்கு வரும். வேன் பம்ப் காய்ந்து ஓடினால் சீக்கிரம் கெடும்.

இப்போது திருப்புளி வேலை. தலையில் பூட்டும் கைப்பிடியில், தூள் போடும் கூடைக்குப் பதில் ஓட்டையில்லாத கூடையைப் போட்டு அடைத்து, பம்பை ஓட விட்டுக் கேஜைப் பார்த்தேன், 7 காட்டியது. பம்பின் பக்கத்தில் மூடி போட்ட ஒரு ஸ்க்ரூ இருக்கும். வலப்பக்கம் திருப்பினால் ஏறும். கால் கால் திருப்பாக 9-க்குக் கொண்டு வந்தேன். எக்ஸ்பான்ஷன் வால்வை 12-இல் வைத்தேன். உள்குழாயில் அடைபட்ட தண்ணீர் சூட்டில் விரியும்போது அழுத்தம் ஏறும், 12-ஐத் தொட்டதும் இந்த வால்வு சொட்டுவிடும். சொட்டுவதைப் பார்த்து லீக் என்று இறுக்கிவிடுகிறார்கள். அது சொட்டத்தான் வேண்டும்.

பாய்லர் அழுத்தம்தான் இந்த மெஷினில் காப்பியின் சூட்டை முடிவு செய்கிறது. நீராவிக்கு அழுத்தமும் சூடும் கையைக் கோத்துக்கொண்டே போகும்: கேஜில் 1 பார் என்றால் உள்ளே 120 டிகிரி, 1.2 என்றால் 123. விடுதியில் 1.3-க்கு மேல் வைத்திருந்த அடையாளம் சுவிட்சில் இருந்தது. பால் வேகமாக நுரைக்கும், காப்பி தீயும். நான் 1.2-இல் தொடங்கினேன். சும்மா நின்ற மெஷினில் நெம்புகோலைத் தூக்கினால் முதலில் வருவது தண்ணீரே இல்லை. கொதித்துச் சீறிக்கொண்டு துள்ளும். உள்குழாயில் தேங்கிய தண்ணீர் அழுத்தம் போனதும் ஆவியாவதன் சத்தம் அது. அந்தச் சீறல் அடங்கி, கயிறு போல அமைதியாக விழும் வரை விட வேண்டும். பிறகுதான் கைப்பிடியைப் பூட்ட வேண்டும். காப்பிக் கூடைக்குள் சூட்டை அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் ஒயரை விட்டுப் பார்த்தால், 1.2-இல் சீறல் அடங்கிய பிறகும் 96-க்கு மேலேயே நின்றது. சுவிட்ச் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி 1-க்குக் கொண்டு வந்ததும் 93 பக்கம் வந்தது. சீறல் அடங்க ஊற்ற வேண்டிய தண்ணீரும் பாதியாகக் குறைந்தது. மழைத் தண்ணீரில் ஓட்டுகிறவனுக்கு அதுவும் லாபம்.

இந்த ஊர் வெயிலுக்கு மெஷினை நாளெல்லாம் எரிய விட முடியாது, பின்கட்டே வெந்துவிடும். விடிகாலையில் போடுகிறேன். பாய்லர் 20 நிமிஷத்தில் 1 பாருக்கு வந்துவிடும். அதைப் பார்த்துக் காப்பி போட்டால் புளிக்கும். நாலு கிலோ பித்தளைத் தலை சூடாக இன்னும் அவ்வளவு நேரம் வேண்டும், அதைக் கையால் தொட முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் தொடங்குவது.

கொட்டை தாண்டிக்குடிப் பக்கத்து அராபிகா, அதில் ஐந்தில் ஒரு பங்கு ரொபஸ்டா. ரொபஸ்டா என்றால் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: இந்தியக் காப்பியை அதிகமாக வாங்கும் நாடு இத்தாலிதான், அங்கே எஸ்பிரஸோ கலவையில் நம்மூர் ரொபஸ்டாவும் போகிறது. மேலே நிற்கும் செம்பழுப்பு நுரைக்கு அதுதான் தெம்பு. கடையில் ஃபில்டருக்கு அரைத்துத் தருவதைப் போட்டால் எட்டு நொடியில் தண்ணீராக ஓடிவிடும். வீட்டிலேயே மாவு பதத்துக்கும் ரவை பதத்துக்கும் நடுவில் அரைக்க வேண்டும். 18 கிராம் தூள் போட்டு, 28 நொடியில் 36 கிராம் வந்தால் நிறுத்துகிறேன். நல்ல மில் இல்லாமல் இந்த மெஷினை வாங்கவே வேண்டாம் என்பேன். நான் மில்லுக்குக் கொடுத்த காசு மெஷினுக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

ஆச்சிக்கு ஒரு கப் போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் அவருடையது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "கசக்குது தம்பி. ஆனா நாக்குல நிக்குது" என்றார். அப்புறம் பாலைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். பாலில் குடிக்க எனக்கும் பிடிக்கிறது.

வெளித் தகட்டுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு மூலையில் நசுங்கியிருக்கிறது, குரோம் இரண்டு இடத்தில் உரிந்திருக்கிறது. பழைய மெஷினைச் சரி செய்கிறேன் என்று கிளம்புகிற பலர் பாலிஷில்தான் காசைக் கொட்டுகிறார்கள். தகடு மினுங்கி வால்வு ஒட்டிக் கிடந்தால் என்ன பிரயோசனம்? வலப்பக்கத் தலையில் கேம் கட்டையின் தண்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுகிறது. உணவுக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் போட்டும் நிற்கவில்லை. தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறது, புதுத் தண்டு சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்தத் தலைக்கு உள்ள ஜெட்டில் முளை அடித்து மூடிவிட்டு, இடப்பக்கத்தில் மட்டும் ஓட்டுகிறேன். கேஜ் 1.0-இல் நிற்கிறது. பால் நுரைக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது, எனக்கு அதில் புகார் இல்லை. வீட்டில்தான், கல்யாண மண்டபத்து மெஷின் இதைவிட வேகம் என்கிறார்கள்.